ஒரு குழாயின் கதை

- மெக்கானிக்கல், 2010 பேட்ச்

"ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடுங்க. ஆனா எல்லாரும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று மலர்க் குழுவிலிருந்து கேட்டார்கள். மெக்கானிக்கல்காரனிடம் கேட்டால் வேறு என்ன வரும்? குழாய்தான் வரும். நாலு வருஷமும் பம்பு, வால்வு, குழாய் என்றுதானே ஓடியது!

ஆனால் நான் சொல்ல வந்தது தொழிற்சாலைக் குழாயைப் பற்றி இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் கையில் இருக்கும் ஒரு குழாயைப் பற்றி. என் அப்பாவுக்குச் சில ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. அந்த நாலு மணி நேரக் காத்திருப்பில் படித்ததும், டாக்டர்களையும் டெக்னீஷியன்களையும் தொந்தரவு செய்து கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. டயாலிசிஸ் என்றால் எல்லோரும் மெஷினைத்தான் பார்க்கிறோம். உண்மையில் மெஷின் வந்து 17 வருஷம் கழித்துத்தான், நாட்பட்ட நோயாளி ஒருவரை வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க முடிந்தது. நடுவில் தடுத்து நின்றது ஒரே ஒரு விஷயம். உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்துத் திருப்பி விட ஒரு நல்ல வாசல் இல்லை.

மெஷின் தயார், வாசல் இல்லை

ரத்தத்தை ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் உப்புக் கரைசலை வைத்தால், ரத்தத்தில் உள்ள யூரியா போன்ற கழிவுகள் சவ்வைத் தாண்டிக் கரைசலுக்குப் போய்விடும். டயாலிசிஸின் தத்துவம் இவ்வளவுதான். மனிதருக்கு இதை முதலில் செய்து பார்த்தவர் ஜெர்மனியில் கீசன் நகரத்து மருத்துவர் கியோர்க் ஹாஸ். ஆண்டு 1924. நடந்தது வெறும் 15 நிமிடம்.

உருப்படியான முதல் மெஷினைச் செய்தவர் வில்லெம் கோல்ஃப். நாஜிப் படைகள் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், காம்பென் என்ற சிறு ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஊரிலிருந்த எனாமல் தொழிற்சாலை அதிபர் உதவினார். சாசேஜ் எனப்படும் இறைச்சிப் பண்டத்துக்கு உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயை மரச்சட்ட உருளை ஒன்றில் சுற்றி, அந்த உருளையைத் தொட்டியில் சுழலவிட்டார். சுழலும் உருளையிலிருந்து ரத்தம் ஒழுகாமல் வெளிவர, ஃபோர்டு கார் வாட்டர் பம்பில் உள்ள இணைப்பு முறையைக் கையாண்டார். நம்ம ஒர்க்ஷாப்பில் கிடைத்ததை வைத்து மாடல் செய்வோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்!

1943 மார்ச்சில் அவருடைய முதல் நோயாளி, வீட்டு வேலை செய்துவந்த 29 வயதுப் பெண். சிகிச்சை நடக்கும்போதெல்லாம் அவருடைய ரத்தம் சுத்தமானது. மெஷின் வேலை செய்கிறது என்று நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாய்க்குள் புதிதாக வழி செய்ய வேண்டியிருந்தது. ஒருமுறை கண்ணாடிக் குழல் செருகிய இடம் மறுபடி உதவாது. 12 முறைக்குப் பிறகு செருக இடமே மிஞ்சவில்லை. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

இதை நம் பாஷையில் யோசித்துப் பாருங்கள். பம்பும் ஃபில்டரும் ரெடி. இன்லெட் லைன் இல்லை! 1945ல் கோல்ஃப் 67 வயதுப் பெண் ஒருவரைக் காப்பாற்றினார். அவருக்கு வந்தது தற்காலிகச் செயலிழப்பு. சிறுநீரகம் தானே திரும்ப வேலை செய்யத் தொடங்கும் வரை தாக்குப் பிடித்தால் போதும் என்ற நிலை. நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு மட்டும் வழியே இல்லை. ஸ்வீடனில் லுண்ட் நகரத்து நில்ஸ் ஆல்வால், 1940களின் கடைசியில் தமனியையும் சிரையையும் ரப்பர் குழாயாலும் கண்ணாடிக் குழலாலும் இணைத்துப் பார்த்தார். ரத்தம் உறைந்தும் கிருமி தொற்றியும் அந்த முயற்சி நின்றுபோனது.

சியாட்டில்: ஒரு டாக்டரும் ஒரு எஞ்சினியரும்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த பெல்டிங் ஸ்கிரிப்னரிடம் ஒரு நோயாளி வந்தார். தற்காலிகக் கோளாறு என்று நினைத்து டயாலிசிஸ் செய்தார்கள். ஆளும் தேறினார். பிறகுதான் தெரிந்தது, அவருடைய சிறுநீரகம் இனி வேலை செய்யவே செய்யாது. கையில் மெஷின் இருந்தும், வீட்டுக்கு அனுப்பிவைப்பதைத் தவிர அன்று வேறு வழியில்லை. அது ஸ்கிரிப்னரை உறங்கவிடவில்லை. 1960ன் தொடக்கத்தில் ஒரு நாள் பின்னிரவில் விழித்தபோது அந்த யோசனை வந்தது. தமனியில் ஒரு குழல், சிரையில் ஒரு குழல். இரண்டையும் நிரந்தரமாகக் கையிலேயே விட்டுவிட வேண்டியது. டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டையும் வளைந்த ஒரு சிறு குழாயால் இணைத்துவிட்டால் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். தேங்கினால்தானே உறையும்?

எதனால் செய்வது என்பதில் சிக்கல். இதய அறுவை நிபுணர் ஒருவர் டெஃப்லான் குழாயைப் பற்றிச் சொன்னார். 1938ல் டுபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் அது. எதுவும் ஒட்டாது. அந்தக் குழாயை வேண்டிய வளைவுக்குக் கொண்டு வந்தவர் வேன் குவின்டன். அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கருவிப் பட்டறையைக் கவனித்தவர், அதற்கு முன் போயிங் விமானக் கம்பெனியில் இருந்தவர். இன்று இதய ஆஸ்பத்திரிகளில் ஓடவிட்டுப் பார்க்கிறார்களே, அந்த டிரெட்மில்லை மருத்துவத்துக்கு ஏற்றபடி செய்தவரும் இவர்தான். சூட்டில் வளைத்து, நசுங்காமல் பார்த்து, முனையைச் செதுக்கி அவர் செய்தது அச்சு அசலான பட்டறை வேலை.

1960 மார்ச் 9 அன்று கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் அதைப் பொருத்தினார்கள். பொருத்திய சர்ஜன் டேவிட் டில்லார்டு. ஷீல்ட்ஸ், போயிங்கில் மெஷினிஸ்ட். வயது 39. மரணத்தின் விளிம்பில் இருந்தவர், அதற்குப் பின் 11 வருஷம் வாழ்ந்தார். டாக்டர், எஞ்சினியர், மெஷினிஸ்ட் மூன்று பேரும் ஒரு குழாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்திருக்கிறார்கள்!

வாசல் திறந்ததும் வேறொரு பிரச்சினை வந்து நின்றது. நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் ஒரு சில. 1962 ஜனவரியில் சியாட்டிலில் டயாலிசிஸ் மையம் திறந்தபோது, யாருக்கு இடம் என்று முடிவு செய்ய 7 பேர் குழு ஒன்று இருந்தது. வக்கீல், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி என்று பலதரப்பட்டவர்கள். பிழைக்கப் போவது யார் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இதை 1962ல் லைஃப் பத்திரிகை எழுதியதும் நாடே அதிர்ந்தது. செலவை அரசே ஏற்கும் சட்டம் 1972ல்தான் அங்கே வந்தது. ஒரு குழாய் சரியாக அமைந்ததால் எழுந்த கேள்விகள் இவை.

பிராங்ஸ்: குழாயே இல்லாத குழாய்

டெஃப்லான் குழலுக்கும் ஆயுள் குறைவுதான். தோலைத் துளைத்து வெளியே நிற்பதால் கிருமி உள்ளே போகும். உறையும். சில சமயம் கழன்று ரத்தம் கொட்டும். 1962ல் சிலிக்கோன் ரப்பரைச் சேர்த்த பிறகு நிலைமை கொஞ்சம் மேம்பட்டது. இருந்தாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு இடம் தேட வேண்டும். கோல்ஃபின் பழைய சிக்கலே மெதுவான வேகத்தில் திரும்பி வந்தது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில் ஜேம்ஸ் சிமினோ, மைக்கேல் பிரெஷியா என்ற இரு மருத்துவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். சிமினோ படிக்கிற காலத்தில் பெல்வியூ ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். 'சாதாரண ஊசியாலேயே சிரையிலிருந்து எடுத்தால் என்ன?' என்பது அவர் கேள்வி. ஆனால் சிரையில் ஓட்டம் போதாது. அதைக் கூட்ட என்ன செய்வது?

விடை பழசு. 1757லேயே வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் நோய்க்குச் சிரையைக் கீறி ரத்தம் வெளியேற்றுவார்கள். கத்தி சற்று ஆழமாகப் போய் அடியில் இருக்கும் தமனியையும் கீறிவிட்டால், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தமனி ரத்தம் நேரே சிரைக்குள் பாயும். சிரை பருத்து, தொட்டால் அதிரும். கொரியப் போரில் (1950–53) குண்டடிபட்ட வீரர்களிடமும் சர்ஜன்கள் இதைப் பார்த்திருந்தார்கள். காயத்தால் வருவதை நாமே வேண்டுமென்று செய்தால்?

1965 பிப்ரவரி 19 அன்று சர்ஜன் கென்னத் அப்பெல், ஒரு நோயாளியின் மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் சில மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்து ஒன்றோடொன்று தைத்தார். வெளியிலிருந்து எந்தப் பொருளும் உள்ளே வைக்கவில்லை, தையல் நூலைத் தவிர. சில வாரங்களில் சிரை பருத்தது. ஊசி குத்தத் தோதான இடம் தோலுக்கடியில் தானாக உருவாகிவிட்டது. 1966ல் மாநாட்டில் இதைச் சொன்னபோது கூட்டத்தில் பெரிய வரவேற்பு இல்லையாம். ஆர்வம் காட்டியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? டெஃப்லான் குழலைக் கண்டுபிடித்த அதே ஸ்கிரிப்னர்! தன் கண்டுபிடிப்பை ஓரங்கட்டக் கூடிய ஒன்றை முதலில் மதித்தவர் அவர். இந்த ஒரு குணத்துக்காகவே அவருக்கு ஒரு சல்யூட். 2002ல் கோல்ஃபுக்கும் அவருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கிடைத்தது.

இதற்குப் பெயர் ஏ.வி. ஃபிஸ்டுலா. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் 'மூலம், பவுத்திரம், பிஸ்டுலா' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அப்பா கையில் ஃபிஸ்டுலா என்றால் முதலில் குழப்பம்தான். லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் குழாய் என்றே பொருள். அவ்வளவுதான் சமாச்சாரம்.

கொஞ்சம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்

மெஷினுக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் வேண்டும். நாலு மணி நேரத்தில் 72 லிட்டர். உடம்பில் இருப்பதோ 5 லிட்டர்தான். அதாவது மொத்த ரத்தமும் 14 முறைக்கு மேல் சுற்றி வர வேண்டும். மணிக்கட்டுத் தமனியில் இயல்பாக ஓடுவது நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லி. தமனிக்குப் பின் சன்னக் குழாய்களின் பெரிய வலையே இருக்கிறது; அந்த எதிர்ப்பைத் தாண்டித்தான் ரத்தம் சிரைக்கு வரும். ஃபிஸ்டுலா அந்த வலையைச் சுற்றிக்கொண்டு போகிற பைபாஸ் லைன். எதிர்ப்பு சரிந்ததும் ஓட்டம் உடனே பல மடங்காகிறது. நன்றாக அமைந்தால் சில வாரங்களில் 600 மில்லியைத் தாண்டுகிறது.

லேபில் நாம் போட்ட பாய்சுயில் சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கில் போகும். ஆரம் 2 மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு. அந்தப் பாய்சுயிலே ஒரு மருத்துவர்தான், ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனைகளைச் செய்தார் என்பது நமக்கு அப்போது யாரும் சொல்லாத விஷயம்.

சிரை ஏன் பருக்கிறது? உட்சுவரில் உள்ள செல்களுக்கு உராய்வு விசையை உணரும் சக்தி உண்டு. உராய்வு அதிகமானால் குழாயை அகலப்படுத்தச் சொல்லும். உராய்வு, ஓட்டத்தை ஆரத்தின் மும்மடியால் வகுத்த அளவில் போகும். ஓட்டம் 8 மடங்கானால், ஆரம் 2 மடங்கு ஆனதும் உராய்வு பழைய அளவுக்கு வந்துவிடும். தானே தன்னை டிசைன் செய்துகொள்ளும் குழாய்! நம்மில் யாரும் இதுவரை அப்படி ஒன்றைச் செய்ததில்லை.

எல்லாக் குழாயிலும் கோளாறு உண்டு

ஃபிஸ்டுலாவிலும் குறை உண்டு. சிலருக்குச் சிரை பருப்பதே இல்லை. குறிப்பாக வயதானவர்களுக்கும், சர்க்கரை நோயால் தமனி கெட்டிப்பட்டவர்களுக்கும். தைத்த இடத்துக்கு அருகில் ஓட்டம் சுழித்துக் குழம்புவதால் உட்சுவர் தடித்து அடைப்பு வரும். அடைப்பு முற்றினால் உறைகட்டி, ஃபிஸ்டுலா நின்றுவிடும். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் குத்தினால் அந்த இடம் பலூன் மாதிரி வீங்கும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி என்றால் வருஷத்துக்கு 312 குத்து. எந்தக் குழாய்தான் தாங்கும்? சிலருக்கு ரத்தமெல்லாம் பைபாஸில் போய் விரல்கள் சில்லிட்டு வலிக்கும். ஓட்டம் மிக அதிகமானால் இதயத்துக்குச் சுமை.

சிரை சரியில்லாதவர்களுக்குச் செயற்கைக் குழாய் வைப்பார்கள். அதற்குப் பெயர் கிராஃப்ட். 1969ல் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் உள்ள பொருளாக மாறியது. மழைக் கோட்டுத் துணிக்குப் பயன்படும் அதே சரக்கு, 1976ல் டயாலிசிஸ் நோயாளிகளின் கைக்குள் போனது. சியாட்டிலில் தோலுக்கு வெளியே நின்ற டெஃப்லான், வேறு வடிவத்தில் தோலுக்குள் திரும்பி வந்தது. சில வாரங்களிலேயே பயன்படுத்தலாம் என்பது வசதி. சிரையோடு சேரும் முனையில் சீக்கிரம் அடைப்பு வருவதும், கிருமி தொற்றுவதும் ஃபிஸ்டுலாவை விட அதிகம்.

மூன்றாவது கதீட்டர். கழுத்திலோ தொடையிலோ பெரிய சிரைக்குள் செருகும் குழாய். 1961ல் லண்டனில் ஸ்டான்லி ஷால்டன் தொடை வழியாக இதைச் செய்தார். அவசரத்துக்கு இதைப் போல் வராது, போட்ட உடனே டயாலிசிஸ் தொடங்கலாம். ஆனால் கிருமி நேரே ரத்தத்துக்குள் போக வாசல் திறந்தே இருக்கிறது. காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தால் உயிருக்கே ஆபத்து. காறை எலும்புக்கு அடியில் உள்ள சிரையில் கதீட்டர் போடுவது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். அந்தச் சிரை பின்னாளில் சுருங்கிப்போய் அந்தப் பக்கத்துக் கையே உபயோகமில்லாமல் ஆகிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இப்போது கழுத்துச் சிரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஃபிஸ்டுலாவே முதலில் என்று அமெரிக்காவில் 2003ல் ஓர் இயக்கமே நடந்தது. 2019ல் வந்த வழிகாட்டுதல், நோயாளியின் வயது, உடல்நிலை, ஆயுள் எல்லாம் பார்த்து அவரவருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அறுபது வருஷ அனுபவம் கற்றுக்கொடுத்த நிதானம் இது.

சிரை என்னும் சேமிப்பு

இந்த வரலாறு முழுக்க ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ரத்தக் குழாய் என்பது எண்ணிக் கொடுக்கப்பட்ட சொத்து. செலவழித்தால் திரும்ப வராது. 1943ல் காம்பெனில் தீர்ந்துபோனதும் அதுதான், இன்று நம் ஊரில் பலருக்குத் தீர்ந்துபோவதும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் "நரம்பு கிடைக்கலம்மா" என்பார்களே, அவர்கள் சொல்வது சிரையைத்தான். என் அப்பாவுக்கு டயாலிசிஸ் தேவைப்படும் என்று ஒரு வருஷம் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். "இடது கையில யாரையும் ஊசி போட விடாதீங்க. அது பேங்க் டெபாசிட் மாதிரி" என்றார். அதன் பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குச் சேர்த்தபோது, டிரிப் ஏற்ற முதலில் கேட்டது அந்த இடது கையைத்தான். என் தங்கை விடவில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து அப்பாவின் முழங்கைக்குக் கீழே 'இங்கே ஊசி கூடாது' என்று எழுதிவிட்டாள். "என்னடா இது, கையில சுவரெழுத்து?" என்று அப்பாவே சிரித்தார். அந்தக் கையில் அமைத்த ஃபிஸ்டுலாதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலோ, நம் பேட்ச் தோழர்களிலோ யாருக்காவது சிறுநீரகக் கோளாறு முற்றி வருகிறது என்றால் இதைச் சொல்லுங்கள். அதிகம் பழக்கமில்லாத கையின் சிரைகளைக் காப்பாற்றுங்கள். ரத்தம் எடுக்க வேண்டுமானால் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா தயாராகச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும், ஆகவே அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள். அமைத்த பிறகு அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ஊசி கூடாது, இறுக்கமான வாட்சோ வளையலோ கூடாது, அதன் மேல் தலை வைத்துப் படுக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் விரல் வைத்துப் பார்த்தால் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு தெரியும். ஒரு நாள் அது நின்றிருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் அடைப்பை எடுத்துக் காப்பாற்ற வழி உண்டு.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையில் வேலை இன்னும் முடியவில்லை. காந்தம் பொருத்திய இரண்டு கதீட்டர்களைத் தமனியிலும் சிரையிலும் செலுத்தி, அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்ததும், கத்தி வைக்காமல் ஃபிஸ்டுலா அமைக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2018ல்தான் அனுமதி கிடைத்தது. தைத்த முனையில் அடைப்பு வருவதை முழுவதும் தடுக்கும் வழி இன்னும் யாரிடமும் இல்லை. அது வளைவு, சுழற்சி, உராய்வு சம்பந்தப்பட்ட கணக்கு. உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும் கணக்குதான். புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், பக்கத்திலுள்ள டயாலிசிஸ் யூனிட்டுக்கு ஒருமுறை போய், அனுமதி கேட்டு, அங்கே இருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். வேன் குவின்டன் செய்ததும் அதுதான். டாக்டர் சொன்னதைக் கேட்டார், பட்டறைக்குப் போனார், ஒரு குழாயை வளைத்தார்.